பேத்தைக்குக் கரைத்த உப்பு

அந்த மீனை எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம் அதன் பெயர். பேத்தை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மீன்காரம்மா சொன்னபோது என் காதில் பேதை என்று விழுந்தது. பேதை என்றால் ஒன்றும் அறியாத பெண் என்று வகுப்பில் பொருள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். பேத்தை என்றால் தின்றவனைக் கொல்லும் மீன். நடுவில் ஒரே ஒரு ஒற்றெழுத்துதான். அந்த ஒற்று எனக்கு வேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தொன்பது வயது. திருவள்ளூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் விஞ்ஞான ஆசிரியை. ஆள் போதாததால் கீழ் வகுப்புகளுக்குத் தமிழையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. செய்துகொள்ளவில்லை என்று சொல்வதுதான் சரி. ஆனால் அப்படி ஒரு வினைச்சொல் அன்றைக்குப் பெண்ணுக்கு இல்லை. ஆகும், ஆகாது, இரண்டுதான்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு அந்த ஊரில் வீடு கிடைக்காது. பதினோரு வீடு ஏறி இறங்கினேன். எல்லா வாசலிலும், "ஊட்டுக்காரரு எப்போ வருவாரு?" என்று கேட்டார்கள். பன்னிரண்டாவது வீட்டில் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கார அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு எருமைகளை வைத்துத் தெருவுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் பொன்னேரியில் இன்னொரு குடும்பத்தோடு இருந்தார். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. பின்கட்டில் ஓர் அறையும் சமையலறையும் எனக்கு. பள்ளி விட்டு வந்து என் கதவை என் சாவியால் திறக்கும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். கடைசியில் பொய்யும் சொன்னேன், வாயைத் திறக்காமலே.

பங்குனியில் அரசுத் தேர்வுக்குக் கண்காணிப்பாளராக என்னைக் கும்மிடிப்பூண்டிக்குப் போட்டார்கள். இன்றைக்குக் கம்பெனி மதில்களாக இருக்கும் இடமெல்லாம் அப்போது முள்ளும் மணலும். கடைசித் தேர்வு முடிந்து, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி ஊர் திரும்பலாம் என்று ஸ்டேஷனில் காத்திருந்தேன். பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் குடும்பத்து அம்மாள் ஒருவர் கூடையைக் கவிழ்த்து இறாலையும் மடவையையும் பிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மீனை மட்டும் வாலைப் பிடித்துத் தூக்கி மணலில் எறிந்தார். எறிந்த இடத்தில் அது சாகவில்லை. பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதிக்கொண்டு கிடந்தது. மஞ்சளும் பச்சையுமான முதுகில் கரும்புள்ளிகள், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வயிறு. அதன் கண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. ஒன்று என்னைப் பார்த்தது.

"இன்னா மீனும்மா அது?" என்று கேட்டேன்.

"பேத்த. தின்னா ஆளு காலி. வலைய வேற கடிச்சு வச்சிரும், பேஜாரு புடிச்சது."

"உயிரோட இருக்கே."

"கீது. தொட்டா உப்பும். உப்பு இல்லாங்காட்டி செத்துப்பூடும்."

முதல் உப்பு வினை, இரண்டாவது உப்பு பெயர். இலக்கண வகுப்பு ஞாபகம் வந்து நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மீன் வாடாமல் தெளிப்பதற்காகக் குடத்தில் ஏரித் தண்ணீர் வைத்திருந்தார். அதை என் கூஜாவில் ஊற்றி, மீனை உள்ளே போட்டுக் கொடுத்தார்.

"நல்ல தண்ணில உட்டா நாலு நாளு ஆடும். அப்பால வவுறு கறுத்துப்பூடும். ஏரித் தண்ணி மாரி வேணும் அதுக்கு. கடல் தண்ணி இல்ல, ஏரித் தண்ணி."

"எவ்ளோ உப்பு போடணும்?"

"கஞ்சிக்குப் போடுவியே, அத்த விட கொஞ்சம் கூட. நாக்குல வச்சுப் பாரு, தெரியும்."

என்னிடம் இருந்ததோ நல்ல தண்ணீர்த் தொட்டி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேண்டாமென்று ஒதுக்கியது. இரும்புச் சட்டத்தில் பட்டி வைத்துக் கண்ணாடி பதித்திருக்கும். இரண்டு மண்ணெண்ணெய் டின் தண்ணீர் பிடிக்கும். ஆற்று மணல் பரப்பி, வேலம்பாசி நட்டு, நாலு கெண்டைக் குஞ்சுகள் விட்டிருந்தேன். என் அறையில் வெளிச்சம் போதாது என்று, வீட்டுக்கார அம்மாளைக் கேட்டு, இரண்டு கட்டுக்கும் பொதுவான நடையில் ஜன்னலோரமாக ஒரு பெஞ்சின்மேல் வைத்திருந்தேன். பேத்தையை அதில் விட்டேன். கூஜாவில் மிஞ்சிய ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றிச் சீட்டு ஒட்டி எடுத்து வைத்தேன். அது ஆசிரியப் புத்தி.

இரண்டாம் நாளே அது கெண்டைகளின் வாலைக் கடித்துவிட்டது. கெண்டைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். பிறகு தொட்டி முழுக்க அதன் ராஜ்யம். வயலில் பொறுக்கிய நத்தையைப் போட்டால் ஓட்டோடு கடக்கென்று கடிக்கும். நான் நடையில் நடந்தால் கண்ணாடி ஓரமாகவே கூட வரும். சித்திரை பிறந்தபோது மீன்காரம்மா சொன்னது நடந்தது. வயிறு முதலில் பழுப்பானது, பிறகு சாம்பல். ஒரு மூலையில் போய் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நல்ல தண்ணீர் என்று நாம் சொல்வது நமக்கு நல்ல தண்ணீர். அந்த நல்லதில்தான் அது செத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அரக்கோணத்திலிருந்து அண்ணன் வந்தார். எனக்கு ஒரு இடம் பார்த்திருந்தார். மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள், நல்ல உத்தியோகம். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். என் வேலையும் என் அறையும் எனக்குப் போதும் என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. எழுந்து நடைக்குப் போனார். தொட்டிக்கு முன்னால் நின்று மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த மீனைப் பாரு. இருக்க வேண்டிய எடத்துல இல்லாம கறுத்துப் போய்க்கினு இருக்கு. நீயும் அப்படித்தான்" என்றார். நான் ஒரு நத்தையை எடுத்துத் தொட்டியில் போட்டேன். அதற்கும் அவருக்குக் கோபம் வந்தது. "சோத்துல உப்புப் போட்டுத் தானே தின்ற? ஊர்ல நாலு பேரு என்னைக் கேக்குறாங்களே, உனக்கு உறைக்கவே இல்லையா?"

சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறாயா என்றால் உனக்கு ரோஷம் இருக்கிறதா என்று அர்த்தம். அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதை அன்றே முடிந்திருக்கும். அண்ணன் போகிறபோது மாட்டுக் கொட்டகைக்குப் போய் வீட்டுக்கார அம்மாளிடம் பேசினார். எனக்கும் கேட்கட்டும் என்று உரக்கத்தான் பேசினார். ஆவணி முகூர்த்தத்துக்குள் என்னைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும். இருக்க வீடில்லை என்றால் நான் தானாக வழிக்கு வருவேனாம்.

"பாக்கலாம் தம்பி" என்று மட்டும் அந்த அம்மாள் சொன்னார்.

அந்தப் பாக்கலாமில் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போகச் சொன்னால் பதின்மூன்றாவது வீடு என்று ஒன்று கிடையாது. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் பயத்தை விடக் கோபம் அதிகமாக இருந்தது. அண்ணன் சொன்னதில் பாதி சரி. இடமும் தண்ணீரும் பொருந்தாமல்தான் மீன் கறுத்தது. அதற்காக மீனைத் தூக்கி எறிய வேண்டுமா? தண்ணீரை மாற்றினால் போதாதா? திருவள்ளூரில் அந்த நடையில், அந்தப் பெஞ்சின்மேல் ஒரு பழவேற்காட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் பார் என்று மனதுக்குள் அண்ணனிடம் சொன்னேன். மறுநாளே வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் வேலம்பாசியைப் பிடுங்கினேன். உப்பில் அது அழுகிவிடும். ஆற்று மணலை அள்ளிவிட்டு, சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும் கிளிஞ்சலை வாங்கிக் கழுவிப் பரப்பினேன். மீனை ஒரு மண்தொட்டிக்கு மாற்றிவிட்டு, இரும்புச் சட்டத்தின் துருவைச் சுரண்டித் தார் பூசிக் காய வைத்தேன். கடையில், கழுவாத கறுப்பு உப்பு, மூட்டையின் அடியில் கிடப்பது வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர், "மாட்டுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். ஒரே நாளில் கொட்டினால் மீன் தாங்காது என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு கைப்பிடி உப்பைத் தனிச் சொம்பில் கரைத்து, வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரு வாரம் என் உப்பு தீர்ந்துபோய் வீட்டுக்கார அம்மாளிடம் ஒரு கை கேட்டேன். நான் கையை நீட்டினேன். அவர் உப்பைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"கைல குடுத்தா சண்ட வரும். எடுத்துக்கோ" என்றார்.

நாக்கு எனக்குப் போதவில்லை. நாக்கு ஒரு நாள் மாதிரி மறுநாள் இருப்பதில்லை. பள்ளியில் சுகாதாரப் பாடத்துக்கு ஒரு பால்மானி இருந்தது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் குழல். வெறும் தண்ணீரில் கழுத்து வரை மூழ்கும், பால் கெட்டியாக இருந்தால் மேலே ஏறி நிற்கும். தண்ணீர்க் கோட்டுக்கும் பால் கோட்டுக்கும் நடுவில் கால், அரை, முக்கால் என்று மூன்று கோடுகள். சீட்டு ஒட்டி வைத்திருந்த ஏரித் தண்ணீரில் அதை மிதக்கவிட்டுப் பார்த்தேன். கச்சிதமாகக் கால் கோட்டில் நின்றது. முக்கால் பங்கு தண்ணீர் கலந்த பாலுக்கு என்ன கோடோ, பழவேற்காட்டுக்கும் அதே கோடு. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

வைகாசியில் ஒரு காலை, தொட்டித் தண்ணீரில் பால்மானியை மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பால் செம்போடு வீட்டுக்கார அம்மாள்.

"இன்னா டீச்சரம்மா, ரெண்டு வருசமா என் பாலக் குடிச்சிட்டு இப்போ அளந்து பாக்குறியா?"

குழலை அவசரமாக வெளியே எடுத்தேன். பால்காரர்கள் வீட்டில் பால்மானி வைத்திருப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"பாலுக்கு இல்லம்மா. மீன் தண்ணிக்கு. உப்பு கரைக்கிறேன், எவ்ளோ இருக்குன்னு பாக்குறதுக்கு."

"உப்பா? தண்ணில உப்பு கரைக்கிறியா?"

அவர் முகம் மாறியது. அது ஏன் மாறியது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். நோய் நொடி, மனக்குறை, எது இருந்தாலும் வெல்லம் கரைகிற மாதிரி கரைந்துபோகும் என்று வேண்டிக்கொண்டு போடுவார்கள். உப்பும் மிளகும் கொட்டுகிறவர்களும் உண்டு. திருவள்ளூரில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, தண்ணீரில் ஒன்றைக் கரைப்பது என்றால் அது வேண்டுதல். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. கல்யாணமாகாத பெண் வாரா வாரம் உப்பு கரைத்தால் அது என்ன வேண்டுதல் என்று கேட்கவும் வேண்டாம்.

"வேண்டுதலா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"சொல்லாத. வாய் உட்டுச் சொன்னா பலிக்காது" என்றார். அந்த நிமிஷமே குரல் தணிந்துவிட்டது. மீன் தண்ணீரை எங்கே கொட்டுகிறாய், கிணற்றுப் பக்கம் வராதே என்று அதற்கு முந்தின வாரம் வரை முணுமுணுத்தவர், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மீனுக்காக என்றால் எத்தனை நாள் பொறுத்திருப்பார்? சாமிக்காக என்றால் கேள்வியே இல்லை. நான் அந்த நிழலில் ஒதுங்கிக்கொண்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல எனக்கிருந்த ஒரே வீட்டில், கல்யாணத்துக்கு ஏங்குகிறவளாக வேஷம் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய பாலையும் அன்றைக்கு அளந்து பார்த்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். முக்கால் கோட்டுக்கும் கீழே, கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆனி கடைசியில் தொட்டி கால் கோட்டுக்கு வந்தது. பேத்தையின் வயிறு வெளுத்தது. ஒரே நாளில் இல்லை. ஓரத்திலிருந்து, சுவருக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு வெளுத்தது. மறுபடி கண்ணாடியோரம் என்னோடு நடந்தது. பள்ளியில் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு கர்வம் எனக்கு. நாற்பது மைலுக்கு அப்பாலுள்ள ஏரியை நான் கைப்பிடி கைப்பிடியாகக் கொண்டுவந்துவிட்டேன் என்று.

ஆடி நடுவில் அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நான் பள்ளிக்குப் போயிருந்தபோது அவர் ஒரு நாள் வந்திருக்கிறார். மீன் எப்படித் தேறியது என்று கேட்டதற்கு, நான் உப்பு கரைத்து வேண்டிக்கொள்வதை வீட்டுக்கார அம்மாள் சொன்னாராம். 'உன் மனசு இப்போதுதான் புரிந்தது. வெட்கத்தால் வேண்டாம் என்றிருக்கிறாய். ஆடி என்று பார்க்க வேண்டாம் என்கிறார்கள், வருகிற ஞாயிறு அவர்களை அழைத்து வருகிறேன்' என்று எழுதியிருந்தார். ஏன் சொன்னீர்கள் என்று அந்த அம்மாளிடம் நான் கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லையே. பொய் என்னுடையது.

அந்த வாரம் ஆடி அமாவாசை. குளத்தைச் சுற்றி எள் போட்டால் விழாத கூட்டம். அமாவாசைக்கு மறுநாள் தொட்டித் தண்ணீர் லேசாகப் பழுப்பேறியிருந்தது. சட்டத்தில் தார் விட்டுப்போய்த் துரு இறங்குகிறது என்று நினைத்தேன். பால்மானியை விட்டுப் பார்த்தால் கால் கோட்டுக்கு மேலே நின்றது. வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு கூடிவிட்டது என்று, கொஞ்சம் மொண்டு கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினேன். அடுத்த நாளும் ஏறியிருந்தது. மறுபடி ஊற்றினேன். மூன்றாம் நாளும் அதே. நான் ஊற்ற ஊற்றக் கோடு ஏறியது, மீன் கறுத்தது. என் படிப்பில் எங்கே பிசகு என்று தெரியாமல் சனிக்கிழமை முழுக்கத் தொட்டியையே சுற்றி வந்தேன்.

ஞாயிறு காலையில் வந்து பார்த்தேன். தண்ணீர் கலங்கிப் புளித்த வாடை அடித்தது. பேத்தை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வயிறு அடுப்புச் சாம்பல். பெஞ்சின் காலில் தொடங்கித் தொட்டி விளிம்பு வரை எறும்பு வரிசை.

உப்புத் தண்ணீருக்கு எறும்பு வராது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன், மீன்காரம்மா சொன்ன மாதிரி. இரண்டு மாதமாகக் கண்ணாடிக் குழலை நம்பி நாக்கை மறந்திருந்தேன். தண்ணீர் தித்தித்தது.

"இதுல வெல்லம் போட்டது யாரு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வீட்டுக்கார அம்மாள் கொட்டகையிலிருந்து வந்து நின்றார். "நான்தான்" என்றார்.

அவர் மேலே ஒன்றும் சொல்வதற்குள் அண்ணன் உள்ளே வந்தார். கையில் பூவும் பழமுமாக ஒரு தட்டு. பதினோரு மணி வண்டியில் அவர்கள் வந்து இறங்குகிறார்கள், நான் முகம் கழுவிப் பட்டுப் புடவை கட்டிக்கொள்ள வேண்டுமாம். நான் முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டு மீனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கைக்குள் அது உப்பக்கூட இல்லை. அவ்வளவு சோர்ந்திருந்தது. அதை மண்தொட்டிக்கு மாற்றி, பாட்டிலில் மிஞ்சியிருந்த ஏரித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன்.

"வேண்டுதல் எதுவும் இல்லண்ணா" என்றேன்.

"பின்ன எதுக்கு உப்பு கரைச்ச?"

"மீனுக்கு. இது உப்புத் தண்ணி மீன். அதுக்காகக் கரைச்சேன், கல்யாணத்துக்கு இல்ல. சித்திரைல வேண்டாம்னு சொன்னேனே, அதான் இப்பவும்."

சொல்லி முடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, என் அறை போயிற்று என்று. சாமி பேரில் இரண்டு மாதம் ஒரு வீட்டை ஏமாற்றியிருக்கிறேன், அந்த வீட்டுக்குரியவர் பக்கத்திலேயே நிற்கிறார். இருந்தும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. போகட்டும், உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று நிமிர்ந்து நின்றேன்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வர்றவங்க முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கினு நிப்பேன்? சோத்துல உப்புப் போட்டுத் தானே தின்ற நீ?"

இந்தத் தடவை பதில் வந்தது.

"ஆமாண்ணா. போட்டுத்தான் தின்றேன். அதனாலதான் வேண்டாம்னு சொல்றேன்."

அவர் என்னை விட்டுவிட்டு வீட்டுக்கார அம்மாள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்கல்ல? சாமி பேரச் சொல்லி உங்களையே ஏமாத்திக்கினு இருந்திருக்கா. இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லுங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. மண்தொட்டியில் கிடந்த மீனைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு இன்னா வேண்டுதல்னு நீ கேக்கலியே தம்பி. இது கல்யாணம் ஆவணும்னு உப்பு கரைக்குதுன்னு நெனச்சேன். ஆயிட்டா போயிரும். அப்பால அந்தக் கட்டு இருட்டாத்தான் கெடக்கும், நானும் ரெண்டு எருமையும். கொளத்துல வெல்லம் கரைக்கலாம்னு போனேன், அமாவாசைக் கும்பலு, உள்ள கால வைக்க முடியல. அதுவும் நல்லதுதான், வேண்டுன தண்ணிலயே போட்டாத்தான் முறியும்னு இதுல போட்டேன். மூணு நாளு, ஒரு ஒரு கட்டி. இது வேண்டுதல் பலிக்கக் கூடாதுன்னு. பாவம்தான், தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

அண்ணன் தட்டைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"ஊடு காலி இல்ல தம்பி. நீ ஸ்டேஷனுக்குப் போயி வர்றவங்களத் திருப்பி அனுப்பு" என்றார் அவர்.

அண்ணன் போனார். தட்டை எடுத்துக்கொண்டு போகத் தோன்றவில்லை அவருக்கு. பழத்தை நாங்கள் தின்றோம், பூவை எருமைகள் தின்றன. இரண்டு வருஷம் அண்ணன் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், அந்தப் பேச்சைத் தவிர மற்றதெல்லாம்.

அவர் போனதும் நானும் அந்த அம்மாளுமாகத் தொட்டியைக் காலி செய்தோம். கிளிஞ்சலைக் கிணற்றடியில் போட்டு மூன்று தண்ணீர் கழுவினோம். கழுவும்போது பால்மானிக் கோடு ஏறியதைச் சொன்னேன். அவர் நிமிராமலே, "ஏறத்தான் செய்யும். தண்ணி ஊத்துன பால்ல வெல்லம் போட்டா அந்தக் கண்ணாடி ஏமாந்துபூடும். எங்க தொழில்ல இது தெரியாதவ யாரு?" என்றார். பிறகு தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்து என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மீன் பிழைத்தது. வயிறு வெளுக்கப் பத்து நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அந்த நடையில் இருந்தது. என் உள்ளங்கையை விடப் பெரிதாக வளர்ந்தது, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் முறைத்தது. நான் அந்த வீட்டில் அதை விட ரொம்ப காலம் இருந்தேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒன்று பாக்கி இருக்கிறது. தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டேன். மண்தொட்டியில் மீன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் ஒரு கல் உப்பு இல்லை, கடையோ மூடிக் கிடந்தது. அந்த அம்மாள் உள்ளே போய், ஊறுகாய்க்கு என்று கட்டி வைத்திருந்த உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் முன்பு நடந்ததை நினைத்துத் தரையைத் துடைத்து இடம் விட்டேன். அவர் குனியவில்லை. கை நிறைய உப்பை அள்ளி, என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"கைல குடுத்தா சண்ட வரும்னு சொன்னீங்களே" என்றேன்.

"வரட்டும்" என்றார். "சண்ட போட்டுக்கினு இங்கயே கெட."